மூன்றில் ஒரு பங்கு

பாரியில் ஒரு பல்லுக்குச் சொன்ன விலையில்
துர்ரெஸில் மூன்று பல் வைத்துக்கொள்ளலாம்,
கப்பல் டிக்கெட் போக
மிச்சத்தில் ஒரு வேளை மீனும் தின்னலாம்.
கணக்கைச் சொன்னவன் சவினோ,
மீன் சந்தையில் என்னோடு பனிக்கட்டி சுமந்தவன்.
சொல்லிவிட்டுச் சிரித்துக் காட்டினான்.
அத்தனையும் வெள்ளை,
குளியலறைக்கு ஓடு பதித்த மாதிரி.

இரவு பத்து மணிக் கப்பல்.
எங்களைப் பார்த்தாலே தெரியும்.
ரொட்டியின் ஓரத்தை விட்டுவிட்டு
உள்ளிருக்கும் மெத்தையை மட்டும் பிய்க்கிற கிழவர்கள்,
எக்ஸ்ரே படம் மடங்காதிருக்க
மார்போடு அணைத்து வருகிற ஒரு தபால்காரி,
சிரிப்பு வந்ததும் கையால் வாய் பொத்துகிற
லாரி ஓட்டுநர்.
எதற்குப் போகிறீர்கள் என்று
யாரும் யாரையும் கேட்கவில்லை.
காப்பியை மட்டும்
ஆளுக்கு ஒரு கன்னத்தில் ஒதுக்கிக் குடித்தோம்.

காலையில், துறைமுக வாசலில் என் பெயர் எழுதிய அட்டை.
ஒரோன்ஸோ என்பதில் ஒரு எழுத்து குறைந்திருந்தது.
ஏறிக்கொண்டேன்.

தானமாய் வந்த மாட்டைத்தான்
பல்லைப் பிடித்துப் பார்க்கக்கூடாது.
மாடே பல் வாங்க வந்தால்
வாயைத் திறக்க வேண்டியதுதான்.

மருத்துவர் பெயர் மிமோசா.
என் மொழியை என்னைவிடச் சுத்தமாகப் பேசினாள்.
எங்கே படித்தாய்?
"டிவியில்.
காற்று நன்றாக இருந்தால் உங்கள் சேனல்
கடல் தாண்டி எங்கள் ஆண்டெனாவில் விழும்.
ஆறு வயதில் உங்கள் பற்பசைப் பாட்டு மொத்தமும் எனக்கு மனப்பாடம்.
பற்பசைதான் வீட்டில் இல்லை."
சொல்லிக்கொண்டே ஊசி போட்டாள்.
உதடு போனது, கன்னம் போனது,
நாக்கு யாருடையதோ ஆனது.

பல் மருத்துவர்கள் எல்லாரும்
பதில் சொல்ல முடியாதபோதுதான் கேட்கிறார்கள்.
"துறைமுகப் பக்கமா உங்கள் வீடு?"
ஆ, என்றேன்.
"என் மாமா அங்கே வந்திருக்கிறார்,
அந்த ஆகஸ்டில், அந்தப் பெரிய கப்பலில்.
ஒரு வாரம்தான். திருப்பி அனுப்பிவிட்டார்கள்.
இன்னும் கொஞ்சம் அகலமாகத் திறங்கள்."

எனக்கு அப்போது முப்பத்து நான்கு.
கப்பல் தெரியவில்லை, ஆட்கள்தான் தெரிந்தார்கள்,
கொடிக்கம்பம் வரைக்கும்.
தோளில் பனிக்கட்டியோடு வேலி ஓரம் போனேன்.
கம்பிக்குள்ளிருந்து ஒரு கை நீண்டது,
கையில் கடிகாரம் இருந்தது.
அரைக் கட்டிப் பனிக்கு ஒரு கடிகாரம்.
விலை நான் சொன்னது.
மீன் வாடை அடித்த பனியை
அவன் நக்கவில்லை, கடித்தான்.
அந்தச் சத்தம்!
எவ்வளவு நல்ல பற்கள் என்று நினைத்தேன்.
வேறொன்றும் நினைக்கவில்லை.
கடிகாரம் இரண்டு மாதம் ஓடியது.

துளைக்கருவி நின்றது.
நீலக் காகிதம் வைத்தாள். "கடியுங்கள்.
இன்னொரு தரம். உயரமாகத் தெரிகிறதா?"
தெரியவில்லை. எனக்கு எதுவுமே தெரியவில்லை.

அவள் மாமாவின் பெயர் என்ன?
கையில் கடிகாரம் இருந்ததா?
கேட்கப் போனால் எச்சில்தான் வழிந்தது.
ஒரு பெண் ஓடி வந்து துடைத்துவிட்டாள்.

சொன்ன தொகைக்கு மேல்
இரண்டு நோட்டு வைத்தேன்.
எண்ணிப் பார்த்துத் திருப்பித் தந்தாள்.
"கணக்கு சரியாக இருக்கிறது.
நான்கு மாதம் கழித்து வாருங்கள்,
இது தற்காலிகம்தான்."

திரும்பும் கப்பலில் மரப்பு இறங்கியது.
முதலில் காது, அப்புறம் தாடை,
கடைசியில் வலி தன் இடத்தில் வந்து உட்கார்ந்தது.
மதுக்கடைப் பையன் என் கோப்பையில்
இடுக்கியால் பனிக்கட்டி போட வந்தான்.
கையால் மூடிக்கொண்டேன்.
"பல் கூசுகிறதா ஐயா?"
என் கன்னத்தைப் பார்த்துக் கேட்டான்.

கூசுகிறது, என்றேன்.