நாற்பது

கொளத்தூர் மண்டபம், வரவேற்பு, எட்டேகால் மணி.
என் சோலோ வந்தது.
விரல்கள் ஐந்தாவது ஃப்ரெட்டில் இறங்கி
ஏழுக்கு வழுக்கி
பன்னிரண்டில் ஏறி நின்று கொஞ்சம் அழுதுவிட்டுத் திரும்பின.
அந்த நேரம் நான்
சிலிண்டர் புக் பண்ணினேனா என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.
முடித்ததும் கைதட்டினார்கள்.
மாப்பிள்ளையின் மாமா ஒருவர் விசிலே அடித்தார்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம்
அந்த விசில் ஹெல்மெட்டுக்குள் சுற்றியது.

இருபத்து நான்கு வருடம்.
தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வாசிப்பேன்.
சிக்கலே அதுதான்,
எழுப்பாமலே வாசித்துக்கொண்டிருக்கிறேன்.

ரிச்சி தெருவில் ஒரு பெடல் வாங்கினேன்.
தந்தியை மாற்றினேன், தந்தியின் தடிமனை மாற்றினேன்.
பிலமோனிடம் சொன்னபோது
பேஸ் கிட்டாரைத் துடைத்தபடியே
"உனக்கு வயசாகுது" என்றான்.
அவனுக்கு என்னைவிட மூன்று வயது கூட.

ஒரு ராத்திரி போனில் பதிவு செய்து
காதில் மாட்டிக் கேட்டேன்.
சுரம் சுத்தம். தாளம் சுத்தம்.
நடுவில் என்னவோ இல்லை.
நாலாம் தடவை கேட்கையில் பிடிபட்டது.
மூச்சு.
தொடங்குமுன் ஒன்று இழுக்கிறேன்,
முடிந்தபின் 'ஹா' என்று விடுகிறேன்.
இடையில் ஐம்பது நொடி தண்ணீருக்கடியில்.
முத்தும் எடுக்கவில்லை.

மெட்ரோனோமை நாற்பதில் வைத்தேன்.
நூற்றெண்பதில் கண்ணைக் கட்டிக்கொண்டு ஓடுகிறவன்
நாற்பதில் தடுக்கி விழுந்தேன்.
ஒரு டக்குக்கும் அடுத்த டக்குக்கும் நடுவே
பெரம்பூர் லோகோ பக்கம் கூட்ஸ் வண்டி ஒன்று
பெட்டி பெட்டியாகக் கடந்து போகலாம்,
அத்தனை இடம்.
அங்கே நிற்கத் தெரியவில்லை எனக்கு.
கையை எங்கே வைப்பதென்று புரியாமல்
போட்டோவுக்கு நிற்கும் மாப்பிள்ளை மாதிரி நின்றேன்.

"கிட்டார் ரிப்பேரா?" என்றாள் ஜெசிந்தா, அடுப்படியிலிருந்து.
"ஆமா" என்றேன்.

பதினெட்டு நாள்.
வேலை மாறிய பின்னும்
பழைய ஆபீஸ் ஸ்டாப்பிலேயே இறங்குகிறவன்போல
மோதிர விரல் ஏழுக்கே போய் நின்றது.
ஒவ்வொரு தடவையும் போய் அழைத்துவந்தேன்.
திட்டவில்லை.
சில நாள் திட்டினேன்.

பத்தொன்பதாம் நாள், செவ்வாய்,
லாரித் தண்ணீருக்கு வரிசையில் குடத்தை வைத்துவிட்டு
மாடிப்படியில் உட்கார்ந்திருந்தேன், மடியில் கிட்டார்.
டக் போய்விட்டது.
விரல் இன்னும் வரவில்லை.
துரத்தாமல்
மூச்சை விட்டேன்.
அந்த மூச்சின் பின்பாதியில் வந்து
தந்தியில் உட்கார்ந்தது அது,
தாமதமாக,
தாமதத்துக்கு வருந்தாமல்.
ஏழாவது ஃப்ரெட்தான்.
எத்தனை ஆயிரம் தடவை மிதித்துக்கொண்டு போன இடம்.
அங்கே இப்படி ஒரு சத்தம் குடியிருந்தது தெரியாது.
இன்னொரு முறை தொடுவதற்குள் லாரி வந்துவிட்டது.

அடுத்த முகூர்த்தம் வில்லிவாக்கம்.
சோலோவில் இரண்டு பார் வாசித்து நிறுத்தினேன்.
நிறுத்தினேன் என்றால், நிறுத்தினேன்.
டிரம்ஸுக்குப் பின்னாலிருந்து இனியன் எட்டிப் பார்த்தான்.
ஜாக் கழன்றுவிட்டதென்று
சவுண்ட்காரப் பையன் மேடையை நோக்கி ஓடிவந்தான்.
கீழே பந்தியில்
பாயச வாளியில் கரண்டி இடிக்கும் சத்தம்
இத்தனை வருடத்தில் முதல்முறையாகக் கேட்டது.
அதன்மேல் ஒன்றை வைத்தேன்.
பொறுத்து, இன்னொன்று.

யாரும் கைதட்டவில்லை.
பையன் பாதி வழியில் கேபிளும் கையுமாக நின்றிருந்தான்.

வேனில் பிலமோன் கேட்டான்,
"அங்க என்ன பண்ணின?"
"எங்க?"
"விடு."
அயனாவரம் தாண்டும்வரை பேசவில்லை.
தொடையில் மட்டும் இரண்டு விரலால்
எதையோ தட்டிப் பார்த்துக்கொண்டு வந்தான், மெதுவாக,
எண்ணிக்கை தவறியவன்போலத் திரும்பத் திரும்ப.

ராத்திரி ஒன்றரைக்கு
மெட்ரோனோமை நாற்பத்திரண்டுக்கு ஏற்றினேன்.
மறுபடி விழுந்தேன்.