பதினெட்டுக்கு இருபத்துநாலு

கெலமங்கலத்திலிருந்து தக்காளி ஏற்றிவந்த டெம்போக்காரன்
வண்டியை அணைக்காமலே சொல்லிவிட்டுப் போனான்:
"அங்க வானம் பச்சையா இருக்குதுக்கா."

கறுத்தால் மழை.
பச்சை என்றால் கல்.
போன சித்திரையில் எலுமிச்சை அளவில் வந்து
எங்கள் சிமெண்டு ஷீட்டில் பதினோரு ஓட்டை போட்டது.
எண்ணியது நான்.
எம்சீல் பிசைந்து அடைத்தது மாதப்பன்.
அடைத்த இடமெல்லாம் இன்னும்
அம்மைத் தழும்பு மாதிரி.

மணி இரண்டு.
கரண்டு போவதற்குள் மாவாட்டிவிட வேண்டும்.
கிரைண்டர் சுற்றுகிறது,
இரண்டு போனும் ஒரே பிளக்கில் தொங்குகின்றன,
மாதப்பன் கூரைமேல் சாக்குகளை விரித்து
நாலு டயரைத் தூக்கி வைக்கிறார்.
"டயர் வெயிட்டுலயே ஷீட்டு உடையப்போகுது" என்றேன்.
இறக்கினார்.
காற்று ஒரு சாக்கைத் தூக்கிப் பார்த்தது.
மறுபடி ஏற்றினார்.

கோழிகளைக் கூடை போட்டுக் கவிழ்த்தோம்.
கன்றுக்குட்டி சமையலறைக்குள் வந்தது,
வந்ததும் உப்பு டப்பாவை நக்கியது.
டிவிஎஸ் வண்டிக்குக் கல்யாணக் கம்பளி.
யஷ்வந்த் மட்டும்
எவர்சில்வர் டம்ளரை வாசலில் வைத்துவிட்டு
பக்கத்திலேயே குந்திக்கொண்டான்.
ஐஸ் விழுமாம்.
ரஸ்னா கலக்குவானாம்.

அப்போதுதான் சாக்கம்மா ஓடி வந்தாள்,
ஓடைக்கு அந்தப் பக்கத்திலிருந்து,
சேலை முழங்கால்வரை ஈரம்.
"அறுபது பெட்டி பறிச்சு வரப்புல கெடக்குதுக்கா.
விடிஞ்சா ராயக்கோட்டை மண்டிக்குப் போறது.
அந்தப் பெரிய தார்ப்பாய் குடுக்கா."

பதினெட்டுக்கு இருபத்துநாலு.
நீல நிறம்.
கதவுக்குப் பின்னால் மடித்தபடி இருந்தது.
"கூரைக்கு வேணுமே சாக்கம்மா" என்றேன்.
பொய் இல்லை.
கூரைக்குத்தான் வாங்கினோம்.
ஆனால் கூரையில் சாக்கு இருந்தது,
சாக்குமேல் டயர் இருந்தது.
அவள் கதவைப் பார்க்கவில்லை,
என் முகத்தைப் பார்த்தாள்.
"செரிக்கா, உங்களுக்கும் வேணுமில்ல"
என்று திரும்பி ஓடினாள்.
சொன்ன சொல்லுக்காகவே
தார்ப்பாயை எடுத்துக் கூரையில் கட்டினோம்.

நாலரைக்குக் காற்று நின்றது.
புளியமரம் போட்டோவில் நிற்பதுபோல் நின்றது.
கரண்டு போனது,
மாவு முக்கால் பதத்தில்.
பிறகு அந்தச் சத்தம்,
டிப்பரிலிருந்து ஜல்லி கொட்டுகிற மாதிரி.
கைகள் தாமாகத் தலைக்குப் போயின.
கன்றின் கழுத்தைக் கட்டிக்கொண்டு காத்திருந்தேன்.

எங்கள் தலைமேல் இல்லை.
ஓடைக்கு அந்தப் பக்கம்.
எங்கள் வாசலில் விழுந்தவை மொத்தம் ஒன்பது,
மொச்சைக்கொட்டை அளவு.
டம்ளருக்குள் ஒன்றுகூட இல்லை.
யஷ்வந்த் அழுதான்.
அந்தப் பக்கம் கால் மணி நேரம் கொட்டியது.
"தப்பிச்சோம்" என்றார் மாதப்பன்.
"தப்பிச்சோம்" என்றேன் நானும்,
அந்தச் சத்தம் நிற்பதற்குள்ளாகவே.

முடிச்சை அவிழ்க்கச் சொன்னேன்.
எதற்கு என்று அவர் கேட்கவில்லை.
ஆளுக்கு ஒரு முனையாய்த்
தார்ப்பாயைத் தூக்கிக்கொண்டு ஓடையில் இறங்கினோம்.
தண்ணீர் காலைக் கடித்தது.

பெட்டிகளில் சிவப்புக்கு நடுவே வெள்ளை.
வெள்ளை கரையக் கரையத் தெரிந்தது,
ஒவ்வொரு பழத்திலும்
கட்டைவிரல் அழுத்தியதுபோல் ஒரு பள்ளம்.
சாக்கம்மா என்னைப் பார்த்தாள்,
தார்ப்பாயைப் பார்த்தாள்.
"இங்க விரி" என்றாள்.

விரித்தோம்.
கொட்டினோம்.
இருட்டும்வரை போன் வெளிச்சத்தில் பொறுக்கினோம்.
மண்டிக்கு ஒரு குவியல்,
குழம்புக்கு ஒன்று,
மாட்டுக்கு ஒன்று.
மாட்டுக்கானதுதான் பெரிது.
நான் மண்டிக்கு என்று வைத்த பழங்களை
அவள் ஒவ்வொன்றாய் எடுத்து
திருப்பிப் பார்த்து
மாட்டுப் பக்கம் போட்டாள்.
ஒன்றும் பேசவில்லை.
அவள் எடுக்க எடுக்க
நான் வைத்துக்கொண்டே இருந்தேன்.

மறுநாள் இட்லி கல்லாய் வந்தது.
தார்ப்பாய் இன்னும் அங்கேதான் இருக்கிறது.