சாரம்

ஹேவ்லாக் சாலை, பதினான்காம் மாடி.
சாட்சிக் கூண்டில் வீரசேகரன்,
கழுத்துப் பொத்தான்வரை பூட்டிய சட்டை.
"சாரம் ஆடுச்சுங்க" என்கிறான்.
மொழிபெயர்ப்பாளர் திருவாட்டி ஜெனோவா
அதை ஆங்கிலமாக்க எடுக்கும் மூன்று விநாடி
எனக்கு மட்டும் கிடைக்கும் லாபம்.
அடுத்த கேள்வியை அதில்தான் தீட்டுவேன்.

பதினெட்டு வருடமாக இதே வேலை.
துவாஸில் விழுந்தவர்கள்,
பெஞ்சுருவில் கசிந்தவை,
கால்வாயில் மிதந்த எண்ணெய் யாருடையது என்பது.
என் கட்சிக்காரர்கள் எப்போதும் கம்பெனிகள்.
கம்பெனிக்கு வியர்க்காது.
அதன் இயக்குநர் மிஸ்டர் கோ மட்டும்
பின்வரிசையில் கைக்குட்டையை
மடித்து மடித்து விரிக்கிறார்.

"காலைக் கூட்டத்தில் பெல்ட் மாட்டச் சொன்னார்களா?"
"சொன்னாங்க."
"இந்தக் கையெழுத்து உங்களுடையதா?"
"ஆமாங்க."
நல்ல பதில்கள். அடிக்கோடிட்டேன்.
பிறகு, கேட்காததற்கும் சொன்னான்:
"மாட்டத்தான் சொன்னாங்க.
எதுல மாட்டுறதுன்னு மொஃபிசுல் கேட்டான்.
சிரிச்சாங்க."

திருவாட்டி ஜெனோவா வாய் திறக்குமுன்
மூன்று விநாடி.
ஆட்சேபிக்க எழுந்திருக்கலாம்.
எழவில்லை.
முழங்கால் மரத்துவிட்டது என்று
மிஸ்டர் கோவிடம் சொல்லிக்கொள்ளலாம்.

இரவு அலுவலகத்தில் தொகுப்புரை.
ஆங்கிலத்தில்தான் எழுதுவேன், எப்போதும்.
இன்று முதல் வரி தமிழில் வந்து விழுந்தது:
எங்கள் வாதத்தின் சாரம்

அதற்கு மேல்
கால் வைக்கப் பார்த்தேன்.
ஆடியது.