இறங்கி உருட்டுற இடம்

அவங்கள் வந்த அண்டைக்கு
மாலை போட்டவன் நான்.
மறைக்கிறத்துக்கு ஒண்டுமில்ல.
செவ்வரத்தம்பூ மாலை. நூல் கிடைக்கல்ல,
பழைய டியூப்பக் கீறித்தான் கட்டினது.
லொறியில இருந்து குனிஞ்சு வாங்கினவன்
பூவைப் பாக்கல்ல.
றப்பர இழுத்துப் பாத்துச் சிரிச்சான்.

மறுகா, மூணாம் மாசம்,
குருமண்வெளித் துறைக்குப் போற ரோட்டில
என்ட சைக்கிள் கடைக்கு நேர முன்னுக்கு
மண்மூட்டை அடுக்கினானுகள்.
இஞ்சால ஒரு தார்ப் பீப்பா, அங்கால ஒரு தார்ப் பீப்பா.
இடையில எழுபத்திரெண்டரை அடி.
அளவு நாடா வைச்சு அளக்கல்ல நான்.
இருபத்தெட்டுச் சில்லு ஒரு சுத்துக்கு ஏழேகால் அடி,
பத்துச் சுத்து.
அந்தப் பத்துச் சுத்துக்கும் இறங்கி உருட்டோணும்.
லைட்டிருந்தா நூக்கோணும்.
குடை பிடிச்சிருந்தா, மாரியெண்டாலும், மடக்கோணும்.

பலகையில குந்தியிருந்து பாத்தா
ஆளாளுக்கு ஒரு இறக்கம்.
அதிபர் வேலாயுதர்
செருப்பில கல்லுக் குத்தினது போல
முகத்த வைச்சுக்கொண்டு இறங்குவார்.
மீன்பெட்டி கட்டின ஆதம்பாவாக் காக்கா
பீப்பாவுக்கு முப்பது யார் முன்னுக்கே இறங்கிருவார்.
ஏன் காக்கா எண்டு கேட்டன்.
"இதில இறங்கினா என்ட விருப்பம் தம்பி,
அதில இறங்கினா அவன்ட விருப்பம்."

என்ட பொஞ்சாதி பாக்கியத்துக்கு
இது எல்லாம் ஒரு வெள்ளம்.
வந்த வெள்ளம் வடியும்தானே எண்டுவாள்.
வெள்ளம் வடிஞ்சா வயலில வண்டலெண்டாலும் கிடக்கும் கா,
இவனுகள் வடிஞ்சா என்ன கிடக்கும் எண்டன்.
அவள் அரிசி களைஞ்ச தண்ணிய
முத்தத்தில வீசி ஊத்தினாள்.

காவலுக்கு நிண்டவனுகள் ஏசுவானுகள்.
அது ஹிந்தி. விளங்காது.
விளங்காத ஏச்சு
முதுகில பட்டுக் கீழ விழுந்திரும்.
அதுக்குள்ள ஒருத்தன் தமிழ் கதைக்கிறவன்,
மதுரைப் பக்கம் எண்டான்.
"அண்ணே, ஒரு பஞ்சர்" எண்டு சைக்கிள் கொண்டு வந்தான்.
ஒட்டிக் குடுத்தன். எண்ணிக் காசு தந்தான்.
கூடவும் இல்ல, குறையவும் இல்ல.
அந்த அண்ணேதான் எனக்குப் பொறுக்கல்ல.

யோகநாதன் வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை.
பின்பிறேக் கட்டை தேஞ்சு போச்சு, மாத்தித் தாங்க எண்டான்.
கட்டை இருந்தது. டப்பாக்குள்ள, மூணு சோடி.
பொழுது பட்டுட்டு,
கைகழுவி முடிச்சிட்டன்,
நாளைக்கு வா தம்பி எண்டன்.

இது நான் ஒருத்தருக்கும் சொல்லாதது.

மண்டூரில இருந்து துறை கடந்து வந்திரிக்கான்.
இருட்டு. ரோடு இறக்கம்.
ஆரோ கத்தின சத்தம் கேட்டது எங்களுக்கு.
மற்றச் சத்தமும் கேட்டது.
விளக்க நூத்திட்டு இருந்தம்.

விடியச் சாமம் அந்த மதுரைக்காரன் வந்தான்.
துவக்குத் தோளில,
கையில யோகநாதன்ட சைக்கிள்.
ஏறல்ல. உருட்டிக்கொண்டு வந்தான்.
"இத யார்ட்ட குடுக்குறது, அண்ணே?"
அவன்ட முகத்த நான் பாக்கல்ல.
அவன் என்ட முகத்தப் பாத்தானோ தெரியாது.
வைச்சிட்டுப் போ எண்டன்.

அண்டைக்கே பிறேக் கட்டை மாத்தினன்.
ரெண்டு சில்லுக்கும். கம்பியும் புதுசு.
ஆரும் வந்து கேக்கல்ல.
தாய்க்காரி அந்த ரோட்டாலயே போறதில்ல இப்ப.

ஒரு பங்குனியில அவனுகளும் போனானுகள்.
கப்பல் ஏறிட்டாங்கள் எண்டு ஆதம்பாவாக் காக்கா சொன்னார்,
சைக்கிளில இருந்துகொண்டே சொன்னார்,
மணி அடிச்சுக்கொண்டு போனார்.
பெடியனுகள் பீப்பாவ உருட்டிக்கொண்டு ஓடினானுகள்.
மண்மூட்டை கிழிஞ்சு
மண் திரும்பவும் மண்ணோட கிடந்தது.

பின்னேரம் யோகநாதன்ட சைக்கிள எடுத்தன்.
துருப்பிடிக்காம எண்ணெய் விட்டு வைச்சதுதான்.
காத்தடிச்சு, ஏறி, மிதிச்சன்.
ரோட்டில ஒரு குஞ்சு குருமன் இல்ல.

பீப்பா நிண்ட இடம் வர
என்ட கை பிறேக்கப் பிடிச்சுது.
நல்லாத்தான் நிண்டது.
இறங்கினன்.
பத்துச் சுத்தும் உருட்டினன்.