இருட்டில் எடுத்துக் கொடுத்தது

த்ரியெஸ்தே நாடக அரங்கில்
தொப்பி வாங்கி வைக்கும் சன்னல் தாழ்வானது.
பதினோரு வருடமாக நான் பார்த்ததெல்லாம்
கைகள், கையுறைகள், தொப்பிகள்.
குனிந்தால்தான் முகம் தெரியும்.
யாரும் குனிவதில்லை.

ஹோம்பர்க் வந்தால் இரு கையாலும் வாங்க வேண்டும்.
நடு உச்சியில் ஒரே வகிடு,
ஓரம் சுற்றிலும் மேலே சுருண்டு
பட்டுநாடா தைத்திருக்கும்.
வளைந்து கொடுக்காது.
நீதிபதிகள், பல் வைத்தியர்கள்.

ஃபெடோரா அப்படியில்லை.
முன்னால் இரு பக்கமும் கிள்ளிய உச்சி,
நாலு விரல் விளிம்பு.
கடன்காரன் எதிரே வந்தால் கண்வரை இறக்கலாம்,
அவன் போனதும் ஏற்றலாம்.

ட்ரில்பியை அதன் தம்பி என்பார்கள்.
எனக்கு ஒப்புதல் இல்லை.
இரண்டே விரல் விளிம்பு, அதுவும் பின்னால் தூக்கி நிற்கும்;
மழை நேரே பிடரிக்குள் இறங்கும்.
குதிரைப் பந்தயத்துக்குப் போகிறவன் தொப்பி.
ஜெயித்தால் எறிய எடை குறைவு.

பவுலர் ஒன்றே ஒன்று, கிழவர் பெர்த்தோக்குடையது.
தட்டினால் கதவுபோல் சத்தம்.
பனாமா குளிர்காலத்தில் வராது.
பெயருக்கு ஒரு நாடு, பிறப்புக்கு இன்னொன்று;
இந்த ஊரில் அதற்காக யாரும் சிரிக்க மாட்டார்கள்.

பிப்ரவரியில் ஓர் இரவு
போரா காற்று மின்கம்பியை அறுத்தது.
மூன்றாம் அங்கம் பாதியில் நிற்க
கூட்டம் என் சன்னலில் வந்து மோதியது.
எண் வில்லையை இருட்டில் யார் படிப்பது?
"ஹோம்பர்க், சாம்பல் நிறம்" என்றார் ஒருவர்.
நிறம் எதற்கு, ஐயா.
விரல் வைத்தேன். வகிடு. கொடுத்தேன்.

"ட்ரில்பி" என்றது அடுத்த குரல்.
திருவாளர் ரவாலிக்கோ;
வாரந்தோறும் ஐம்பது லீரா வைக்கும் கை.
எடுத்தேன். விளிம்பு இரண்டு விரல், சரி.
ஆனால் நாடா ஏன் இவ்வளவு அகலம்?
உச்சி ஏன் இவ்வளவு உயரம்?
கட்டைவிரலை ஓரத்தில் ஓட்டினேன்.
இயந்திரத்தின் வழவழப்பு இல்லை,
கத்தரிக்கோல் நின்று நின்று போன மேடு பள்ளம்;
ஓரிடத்தில் வழி தவறி, மறுபடி சேர்ந்திருந்தது.

ஓரம் நைந்த ஃபெடோரா.
ஏதோ ஒரு சமையல் மேசையில், ஒரே இரவில்,
ட்ரில்பியாகியிருக்கிறது.
இரண்டு குளிர்காலம் இதை வெளிச்சத்தில் வாங்கி மாட்டியவள் நான்.

"உங்களுடையதுதான்" என்றேன்.
அவர் உடனே நகரவில்லை.
பின்னால் யாரோ திட்டினார்கள்.
நாணயம் பலகையில் விழுந்து சுழன்று
படுக்கும்வரை கேட்டுக்கொண்டிருந்தேன்.

அடுத்த வியாழன் விளக்கு எரிந்தது.
தொப்பி வந்தது. ஐம்பது லீராவும் வந்தது.
வெட்டு தவறிய பக்கத்தைச்
சுவரைப் பார்க்க மாட்டினேன்.
திருப்பித் தரும்போதும்
அந்தப் பக்கம் அவர் உள்ளங்கைக்குள் போகும்படி.