ஆறாம் நம்பர் குழாய்

குகையில் ஆடி பிறந்தால்
முதலில் கம்பம் ஏறுகிறவன் நான்தான்.
பூச்சாட்டுக்கு முந்தின நாளே
பதினான்கு குழாய்க்கும் சாக்பீஸில் நம்பர் போட்டு
சந்துக்குச் சந்து கட்டிவிடுவேன்.
சவுண்டு சம்பங்கி என்றால்
லைன்மேடு வரைக்கும் தெரியும், கேட்கும்.

ஆறாம் நம்பர்
சுகந்தி வீட்டு ஓட்டைப் பார்த்து இருக்கும்.
போன வருஷம் ராத்திரி ஒன்பது மணிக்கு
நைட்டி மேல் துண்டோடு வந்து நின்றாள்.
"அண்ணா, அதை மட்டும் கொஞ்சம்
அந்தப் பக்கம் திருப்பி விடறீங்களா.
பையனுக்குத் தாங்கலை."

"சாமி பாட்டே தாங்கலைன்னா
வேற என்னமோ புடிச்சிருக்கு.
கயிறு மந்திரிச்சுக் கட்டு" என்றேன்.
நின்றவர்கள் சிரித்தார்கள்.
நானும் சிரித்தேன். அதையும் எழுதத்தான் வேண்டும்.
அவள் போன பிறகு
சத்தத்தை ஒரு புள்ளி கூட்டினேன். அதையும்.

மறுநாள் மழை. ஆறாவது கரகரத்தது.
ஏணி போட்டு ஏறினால்
அவர்கள் ஜன்னல் எனக்கு நேர் கீழே.
கட்டிலுக்கடியில் லோகித்,
பதினோரு வயது, சுவரோடு சுவராக.
தரையில் குப்புறப் படுத்து உள்ளே கை நீட்டி
அவன் காதிரண்டையும் பொத்தியிருந்தாள்.
அவள் காதிரண்டும்
என் குழாய்க்குத் திறந்து கிடந்தன.

முப்பது வருஷத்தில் அன்றைக்குத்தான்
குழாய்க்கு முன்பக்கம் இருந்தேன் நான்.

திருப்பினேன். கம்பியை முறுக்கினேன்.
இறங்கிப் போய் மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை.
அதற்குத் தை மாசம் ஆனது.

ஆட்டிசம் என்ற சொல்லை அன்றைக்குத்தான் சொன்னாள்.
"பத்து சத்தம் இருந்தா
நமக்கு ஒண்ணுதான் முன்னாடி வரும்.
அவனுக்குப் பத்தும் முன்னாடி வரும்ணா.
ஃபேன், குக்கர், பக்கத்து வீட்டுத் தறி,
உங்க குழாய், எல்லாம் ஒரே உயரம்."
மிக்ஸரில் எல்லாக் குமிழையும் உச்சத்தில் வைத்தால்
என்ன ஆகுமென்று எனக்குத் தெரியும்.

"அப்ப வேற ஏதாச்சும் பெரிய திறமை இருக்குமே,
டிவியில காட்டறாங்களே" என்றேன்,
கடனை அடைக்கிறவன் மாதிரி.
"அப்படி ஒண்ணும் இல்லைணா.
தயிர்சாதம் பிடிக்கும். ஈரத்துணி வாசம் பிடிக்கும்.
அப்படியும் ஒருத்தன் இருக்கலாமில்ல?"

ஏழு ஆடிக்கும் வெள்ளியில் நாக்கு வாங்கி
அம்மன் உண்டியலில் போட்டவள் அவள்.
செவ்வாய்ப்பேட்டைத் தகடு, நகத்தளவு.
இந்த ஆடிக்குக் காது கேட்டாளாம்.
"பையனுக்குத்தான் நல்லாக் கேக்குதேம்மா" என்றாராம் கடைக்காரர்.
"பையனுக்கில்லை" என்றாளாம்.

கமிட்டியில் எழுந்து நின்றேன்.
"ஆறாம் நம்பர் கட்ட மாட்டேன்."
"ஒருத்தனுக்காக ஊர்ச்சாமிக்குக் குறை வைக்கலாமா?"
பொருளாளர் வையாபுரி மேசையைத் தட்டினார்.
எனக்குப் பேச வராது,
மைக்கை மற்றவர் கையில் கொடுத்தே பழக்கம்.
"ஆத்தா கருவறைக்குள்ள குழாய் இல்லையே.
நமக்குத்தானே கட்டறோம்" என்றேன்.
வையாபுரி இன்னும் என் முகம் பார்ப்பதில்லை.
ஆறாம் நம்பர் பரணிலேயே கிடந்தது.

வண்டி வேடிக்கை அன்று நடந்தது வேறு.
அந்தச் சந்து முனை வந்ததும்
யாரும் சொல்லாமல் மேளம் நின்றது.
எஞ்சினை அணைத்துவிட்டு
நாலு பேர் வண்டியைத் தள்ளினார்கள்.
மேலே எமன் வேஷம் கட்டிய தறிக்காரப் பையன்
பாசக்கயிற்றை மடியில் வைத்துவிட்டு
உதட்டில் விரல் வைத்தபடியே
சந்தைக் கடந்தான்.
ஜன்னல் ஒரு விரற்கடை திறந்திருந்தது.
அவ்வளவுதான் பார்த்தேன்.

மறுநாள் ஒயர் சுருட்டும்போது லோகித் வந்தான்.
அணைத்த பிறகும் ஆம்ப்ளிஃபயர்
கொஞ்ச நேரம் சூடாகவே இருக்கும்.
அதன்மேல் கன்னத்தை வைத்துக்கொண்டான்.
என்னைப் பார்க்கவில்லை.
பார்க்க வேண்டுமென்று எனக்கும் இல்லை.
சுருட்ட இன்னும் நூறடி ஒயர் கிடந்தது.
பெட்டி ஆறும்வரை
உட்கார்ந்திருந்தேன்.