புள்ளி இல்லாத கல்

மாகடி சாலையில் சிக்னல் தாண்டி இரண்டாவது கட்டடம்.
மதிப்பிட்டு வரச் சொல்லி அனுப்பினார்கள்.

நாற்பத்தொன்றுக்கு அறுபத்துமூன்று அடி.
சுவர் ஒன்றரைச் செங்கல் கனம்.
ஆளுக்கொரு கல், ராத்திரி ஷிப்ட் முடிந்து
சாப்பாட்டுப் பையில் வந்ததாம்,
சாவி வைத்திருக்கும் ஜெயசீலி சொல்கிறார்.
படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.

மாடியில் கூட்ட அறை.
பாதி இப்போது உடற்பயிற்சிக் கூடம்,
அந்த வாடகையில்தான் சொத்து வரி.
மறுபாதியில் மரப்பெட்டி நிறைய
சந்தா ரசீதின் அடிக்கட்டைகள்:
எத்திராஜுலு நாலணா.
சையத் பாஷா நாலணா.
முனிவெங்கடம்மா இரண்டணா, மீதி அடுத்த மாதம்.

அடுத்த மாதம்
ஆலை கதவடைத்தது.

எழுபத்தெட்டு நாள் இங்கேதான் கஞ்சி.
பின்கட்டுத் தரையில்
அண்டா சுட்ட வட்டத்தைக் குறுக்காக அளந்தேன்,
எதற்கென்று தெரியாமல்.
மூன்றேகால் அடி.

வாசலில் அடிக்கல்.
கன்னடம், உருது, கீழே தமிழ்.
தமிழில் மட்டும் 'சஙகம்'.
பிழை என்று குனிந்தேன்.
கொத்திக்கொண்டிருந்த தனகோட்டியை
அந்த எழுத்தில் வைத்துத்தான்
வேனில் ஏற்றினார்களாம்.
மிச்சத்தை வேறொருவர் முடித்தார்.
அந்தப் புள்ளியை மட்டும்
அவன் வந்து வைக்கட்டும் என்று விட்டார்கள்.

வந்தானா என்றேன்.
"ஷட்டரை அந்தப் பக்கம் பிடிங்க சார்,
பாதியில நின்னுக்கும்."

அறிக்கையைக் கன்னடத்தில் எழுதினேன்.
பரப்பு, வயது, விரிசல், எல்லாம் சரி.
'கட்டுமானம் முடிவுற்ற தேதி'யை
வெறுமையாக விட்டிருந்தேன்.
சிவப்பு மையில் வட்டமிட்டு
இன்று திரும்பி வந்திருக்கிறது.